உயிரோடு தூக்க நாலு பேர்

கண்ணைத் திறக்கக் கூடாதாம். நான் மயக்கத்தில் இருக்கிறேனாம். வீட்டுச் சுவர் இடிந்து என் மேல் விழுந்துவிட்டதாம், வெளியே புயல் அடித்துக்கொண்டிருக்கிறதாம். முகத்தில் வெயில் கொளுத்துகிறது, இதுதான் இவர்கள் புயல். "அதிகாரி வந்து விசில் ஊதுற வரைக்கும் அசையக் கூடாதும்மா, மூச்சுகூட மெதுவாத்தான் விடணும்" என்று சொல்லிவிட்டுப் போன பயிற்சியாளர் தம்பி இப்போது பூவரச நிழலில் நின்று இளநீர் குடிக்கிறான், உறிஞ்சுகிற சத்தம் இங்கே கேட்கிறது. என் முழங்கைக்குக் கீழே எறும்பு ஊர்கிறது. மயக்கத்தில் கிடக்கிறவளை எறும்பு கடித்தால் அவள் சொறியலாமா கூடாதா, அதை உன் பாடத்தில் போட்டிருக்கிறதா தம்பி? சொறிய மாட்டேன். கடிக்கட்டும். ஸ்ட்ரெச்சரை வடக்கே தலையாகப் போட்டிருக்கிறார்கள். வராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சொன்னேன், "அந்தப் பக்கந்தாம்மா வெளிச்சம், போட்டோ நல்லா வரும்" என்றான். போட்டோ நல்லா வரும். தாழம்பள்ளத்தில் வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் இந்தப் பேரிடர் ஒத்திகை நடக்கிறது, வருஷா வருஷம் போட்டோ நல்லாத்தான் வருகிறது. போன வருஷம் படுத்தது ஒரு வைக்கோல் பொம்மை. இந்த வருஷம் மேலிடத்தில் உயிருள்ள ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஊரில் ஒரு பொம்பளை ஒத்துக்கொள்ளவில்லை. நல்லா இருக்கும்போது நாலு பேர் தூக்கிப் போவதாவது, சகுனம் ஆகாது, தாலி கட்டியவள் படுக்கலாமா, வயசுக்கு வந்த பிள்ளை படுக்கலாமா. கடைசியில் எல்லார் கண்ணும் என் கழுத்துக்கு வந்தது. என் கழுத்தில்தான் ஒன்றும் இல்லையே. "தையலக்கா படுக்கட்டுமே, அவங்களுக்கு என்ன" என்று யாரோ சொன்னார்கள், யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அவளை விட்டிருக்க மாட்டேன். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இந்த ஊருக்கு இளைச்சவள் தையல்நாயகி. சரி படுக்கிறேன் என்றேன். படுத்ததும் பயிற்சியாளர் என் நெற்றியைப் பார்த்தான், ரத்தம் இல்லையே என்றான், டவுனிலிருந்து கொண்டுவர வேண்டிய சாயத்தை மறந்துவிட்டானாம். பக்கத்து வீட்டுப் பூரணம் ஓடிப்போய்க் கோயில் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்தாள். கிண்ணத்தோடு என் பக்கத்தில் குந்தியவள் விரலை முக்கிவிட்டுத் தயங்கினாள். "கோச்சிக்காதீங்கக்கா, வேற செவப்பு எதுவும் அம்புடல." என் புருஷன் மஞ்சள்காமாலையில் போன நாளிலிருந்து என் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்க வந்தால்கூடக் குங்குமச் சிமிழை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறவள் இவள். பொட்டு வைக்க ஆகாதவளுக்கு ரத்தம் வைக்கலாம், அதற்குச் சாஸ்திரம் இடம் கொடுக்கிறது. வையிடி என்றேன். வகிட்டிலிருந்து புருவம் வரைக்கும் இழுத்துவிட்டாள். இப்போது அது காய்ந்து தோல் பிடித்து இழுக்கிறது.

அபி சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் கேட்டது, ம்ம்ம் என்று, அது தண்ணீர் வேண்டும் என்கிற ம்ம்ம் இல்லை, வெயில் படுகிறது என்கிற ம்ம்ம். அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ம்ம்ம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அபிநயா என்று பேர் வைத்தது அவள் அப்பா. பிறந்ததும் விரலை அப்படி அழகாக மடக்கி வைத்திருந்தாளாம், இவ டான்ஸ் ஆடுவா பாரு என்றார். அந்த விரல் இன்னும் விரியவில்லை. பத்தொன்பது வயதாகிறது, என்னைவிடக் கனம், நிற்க வராது, நடக்க வராது, பேச்சு வராது, சிரிக்க மட்டும் வரும். அவளுக்காகத்தான் படுத்தேன், வேறு எதற்கு? இவர்கள் போட்டோவுக்கா? நேற்றே பயிற்சியாளர் தம்பியிடம் பேசிவிட்டேன். "நான் படுக்கறேன் தம்பி, ஆனா என்னைத் தூக்கி முடிச்சதும் எம் பொண்ணையும் ஒரு தடவ தூக்கி மேல கொண்டு போவணும். அவளத் தூக்கறது வேற மாதிரி. பயந்தா பலகையாட்டம் வெறச்சிப்பா, கை தானா அடிக்கும், தெரியாதவன் கீழ போட்டுருவான். புயலன்னிக்கு வந்து கத்துக்க முடியாது பாருங்க." அவன் தலையாட்டினான். "அதுக்குத்தானேம்மா ஒத்திகையே. கண்டிப்பா." கண்டிப்பா என்றவன்தான் காலையில் ரப்பர் பட்டைகளைக் கொண்டுவந்தான். பச்சை நடக்க முடிகிறவர்களுக்கு, மஞ்சள் காத்திருக்கக் கூடியவர்களுக்கு, சிவப்பு உடனே தூக்க வேண்டியவர்களுக்கு, கறுப்பு போய்ச் சேர்ந்தவர்களுக்கு. என் கையில் சிவப்பை மாட்டினான். என் பொண்ணுக்கு என்ன கலர் என்று கேட்டேன். பட்டைகளைப் பார்த்தான், சக்கர நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தான், திரும்பப் பட்டைகளைப் பார்த்தான். "அவங்களுக்குக் காயம் இல்லையேம்மா. அவங்க இதுல வர மாட்டாங்க." வர மாட்டாள். நடக்கிறவளும் இல்லை, அடிபட்டவளும் இல்லை, செத்தவளும் இல்லை, அப்போது அவள் எதில்தான் வருவாள்? இத்தனைக்கும் நடுவில் வி.ஏ.ஓ. சாருக்கு நாற்காலி கண்ணை உறுத்தியது. "அந்த நாற்காலிய யாராச்சும் பின்னால தள்ளுங்கப்பா, மேடம் வர்ற நேரத்துல பாக்க ஒரு மாதிரி இருக்கும்." ஒரு மாதிரி. என்ன மாதிரி சார்? சொல்லுங்கள், என்ன மாதிரி? நான் எழுந்திருப்பதற்குள் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே நிழல் இருந்தது. இப்போது வெயில் திரும்பியிருக்கும். அந்த அதிகாரி மேடம் இன்னும் வரவில்லை. வழியில் வேறு ஏதோ ஊரில் மரக்கன்று நடுகிறார்களாம்.

ஆரஞ்சு சட்டைக்காரர்கள் என் தலைமாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல்நிலை மீட்பாளர்கள் என்று சட்டை முதுகில் எழுதியிருக்கிறது. அதில் ஒரு குரல் சிங்காரவேலுவுடையது. கண்ணை மூடிக்கொண்டால்கூட அந்தக் குரலை எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டால்தான் இன்னும் நன்றாகத் தெரியும். போன பெரும்புயலில் ஊரையே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது அவன் டிராக்டர்தான், அதற்காக அவனுக்குப் பொன்னாடை எல்லாம் போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வானம் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அபியை இடுப்பில் அணைத்து வாசல்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நின்றேன். டிராக்டர் பெட்டியில் ஆட்கள் புளிமூட்டை மாதிரி நின்றார்கள். "அக்கா, அவளப் படுக்க வெச்சா நாலு பேரு எடம் அடைக்கும். கைப்புள்ளக்காரிங்க நிக்கிறாங்க. அடுத்த நடையில வந்து ஏத்திக்கறேன்." வாயில் என்ன வந்தது எனக்கு? சரிப்பா என்று வந்தது. சரிப்பா! கைப்பிள்ளைக்காரிகளைப் பார்த்துவிட்டேனே. அடுத்த நடை, அடுத்த நடை என்று வாசலில் உட்கார்ந்திருந்தோம். என் பிள்ளைக்கும் நடை வரவில்லை, அவன் நடையும் வரவில்லை. காற்று முதலில் தெற்கேயிருந்து வந்தது, முருங்கை முறிந்தது, அப்புறம் கூரைச் சீட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பியது, கட்டிலுக்கு அடியில் அவளை உருட்டிவிட்டு நான் அவள் மேல் படுத்துக்கொண்டேன். அவள் விறைத்துப்போய்க் கிடந்தாள். ஒரு கட்டத்தில் கடைசிச் சீட்டும் போய்க் கட்டில் கயிற்றின் இடுக்கில் வானம் தெரிந்தது, மின்னல் மின்னலாக, அப்போது சிரித்தாள். என் காதுக்குப் பக்கத்தில் கிளுகிளுவென்று சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, இவள் இப்படியே சிரித்துக்கொண்டே போய்விடுவாள் என்று. விடிந்து தெருவில் தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் வந்தார்கள். பூரணம் வந்தாள், ஊராட்சித் தலைவர் வந்தார், சிங்காரவேலு வந்தான். நீங்க கூட்டத்தோட இருப்பீங்கன்னுல்ல நெனச்சோம் என்றாள் பூரணம். நான் ஆள் அனுப்பினேனே என்றார் தலைவர். வேற வண்டி ஏத்திருக்கும்னு பாத்தேங்க்கா என்றான் அவன். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிகிறது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார்கள். இப்போது அந்தமான் பக்கம் மறுபடியும் ஏதோ சுழிக்கிறது என்று காலையில் ரேடியோவில் சொன்னான். தலைமாட்டில் சிங்காரவேலு யாரிடமோ பிரியாணி கோழியா ஆடா என்று கேட்கிறான்.

அந்த எறும்பு கழுத்துக்கு வந்துவிட்டது. அது போகட்டும். இந்த நாலு பேர் சமாச்சாரம்தான் எனக்குப் போகமாட்டேன் என்கிறது. என் புருஷன் செத்த அன்றைக்கு மழை. கூப்பிடாமலே ஆள் வந்தது. பேச்சே இல்லாத வீட்டுக்காரன்கூட வந்து தோள் கொடுத்தான், வரப்பில் வழுக்கும் என்று ஒருத்தன் முன்னால் போய்க் காலால் மண்ணைத் தட்டிக்கொண்டே போனான், தோள் மாற்ற இன்னும் நாலு பேர் கூடவே நடந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லை. அதற்கு யார் இவர்களுக்கு ஒத்திகை நடத்தினார்கள்? எந்த அதிகாரி வந்து விசில் ஊதினார்? இந்த ஊரில் செத்தால் தூக்க நாலு பேர் எப்போதும் உண்டு, உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தூக்கத்தான் ஆள் இல்லை. அவள் செத்துப்போயிருந்தால் அன்றைக்கே வந்திருப்பார்கள், அருமையாகத் தூக்கியிருப்பார்கள். த்தூ, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவ வேண்டும், நினைப்பை எதால் கழுவுவது? இவர்கள் என்னை இப்படி நினைக்க வைக்கிறார்கள். மோட்டார்கொட்டாய்ப் பக்கம் இருந்த மேட்டில் தூண் போட்டுக் கட்டியிருக்கிறார்களே புயல் பாதுகாப்பு மையம், அதன் படியடியில்தான் இப்போது கிடக்கிறேன். கட்டும்போது மூன்று தடவை போய்க் கேட்டேன், நாற்காலி ஏற வழி வையுங்கள் என்று. வைத்தார்கள். சாய்வாக ஒன்று வைத்தார்கள், திறப்பு விழா அன்றைக்கே ஊர்ப் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாட ஆரம்பித்துவிட்டன, அவ்வளவு செங்குத்து. ஒரு தடவை நாற்காலியை ஏற்றிப் பார்த்தேன், பாதியில் அது என்னையும் சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது, இரண்டு பேரும் கீழே மணலில் கிடந்தோம், அவள் அதற்கும் சிரித்தாள். கேட்டால், விதிப்படி சாய்தளம் இருக்கிறதே என்கிறார் வி.ஏ.ஓ. சார். இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காயும் இருக்கிறது, கறிக்குத்தான் ஆகாது. அபி, ஏண்டி சத்தத்தைக் காணோம், தூங்கிவிட்டாயா? கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் எச்சில் உள்ளே போய்ப் புரையேறும். பூரணத்தை ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றால் நான் மயக்கத்தில் இருக்கிறேனே.

கார் கதவு. ஒன்று, இரண்டு, நாலைந்து கதவு. செருப்புச் சத்தமெல்லாம் ஒரே பக்கம் ஓடுகிறது. சால்வை, வணக்கம், மேடம் மேடம் மேடம். மைக்கில் பயிற்சியாளர் குரல் வேறு குரலாகிவிட்டது, இப்பொழுது தாழம்பள்ளம் கிராமத்தைக் கடும் புயல் தாக்கியுள்ளது என்கிறான், அது தாக்கியபோது நீ எங்கே இருந்தாய் தம்பி. சைரன். அட பாவிகளா, சைரன் இருக்கிறது என்று சொல்லவே இல்லையே. ஒலிபெருக்கியைத் தொட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில்தானே கட்டியிருக்கிறார்கள், அவள் தலைக்கு நேரே, அவளுக்குக் குக்கர் விசிலே ஆகாது. அலறுகிறாள். கேட்கிறது, சைரனுக்குள்ளே கேட்கிறது, அது எந்த ம்ம்மும் இல்லை, அது தொண்டை கிழிகிற சத்தம். எழுந்து ஓடிவிடலாமா? எழுந்தால் போச்சு, எழுந்தால் இந்தப் பொம்பளை எல்லாத்தையும் கெடுத்துவிட்டாள் என்பார்கள், அப்புறம் அவளைத் தொடவே மாட்டார்கள். கொஞ்சம் பொறு அபி. அம்மா இங்கேதான் இருக்கேன், பொறுடி கண்ணு, இதோ முடிந்துவிடும், அடுத்தது நீதான். விசில். கைகள் வருகின்றன, கால்மாட்டில் இரண்டு பேர், தலைமாட்டில் இரண்டு பேர், ஒன்று ரெண்டு மூணு என்று தூக்குகிறார்கள். ஐயோ. தரை போய்விட்டது. முதுகுக்குக் கீழே ஒன்றும் இல்லை. யாரும் வாரைக் கட்டவில்லை, மாட்டத் தெரியவில்லையோ மறந்தார்களோ, படி ஏறும்போது நான் கால் பக்கம் வழுக்குகிறேன், பிடித்துக்கொள்ளக் கை தானாகப் போகிறது, "கைய அசைக்காதீங்கக்கா" என்கிறது சிங்காரவேலு குரல். உடம்பு முழுக்க விறைக்கிறது எனக்கு. எனக்கே. இத்தனை வருஷம் அவளைத் தூக்கியிருக்கிறேன், ஏண்டி இப்படி விறைக்கிறே, தளர விடேண்டி என்று முதுகில் தட்டியிருக்கிறேன், ஒரு தடவை அடித்தும் இருக்கிறேன். இதற்குத்தானா விறைத்தாய்? இப்படித்தான் இருந்ததா உனக்கு ஒவ்வொரு தடவையும்? படி திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் முட்டுகிறது. திரும்பவில்லை. சாய்ங்க, சாய்ங்க, இப்பிடி இல்ல, தூக்குடா, சுவரில் என் தோள் உரசுகிறது, யாரோ சிரிக்கிறான், யாரோ மெதுவாகத் திட்டுகிறான். கட்டினவனும் அளந்து பார்க்கவில்லை, தூக்கினவனும் பார்க்கவில்லை. எப்படியோ நிமிர்த்திக் குறுக்காகத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். கைதட்டுகிறார்கள். மேலே கூடத்து வாசலிலேயே இறக்கி வைத்தார்கள், சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது. உள்ளேயிருந்து பிரியாணி வாசனை.

சைரன் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. மைக்கில் நன்றி சொல்கிறான். பேரிடரை எதிர்கொள்ள முழுத் தயார் நிலையில் உள்ள முன்மாதிரிக் கிராமம் என்கிறான். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை, அடுத்தது என்று எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தேன். நாற்காலிகள் இழுபடுகின்றன, இலை போடுகிறார்கள். கண்ணைத் திறந்தேன். பயிற்சியாளர் என் மேல் குனிந்து சிரித்தான். "சூப்பரா பண்ணீங்கம்மா, முடிஞ்சிருச்சு, எந்திரிங்க." தம்பி, எம் பொண்ணு என்றேன். "அடுத்த தடவ கண்டிப்பா வெச்சுக்கலாம்மா, மேடத்துக்கு நேரம் இல்ல." அடுத்த தடவை. நான் எழுந்திருக்கவில்லை. உள்ளே போக வேண்டியவர்கள் எல்லாம் வாசலில் என்னைச் சுற்றி நிற்கிறார்கள், தாண்டிப் போக முடியாது, படுத்திருக்கிறவளை யார் தாண்டுவார்கள். "எந்திரிக்கா, மேடம் நிக்கிறாங்க" என்று பூரணம் என் கையைப் பிடித்தாள். "என்னால நடக்க முடியாது" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, குனிந்தார், முகமெல்லாம் வியர்த்து அலுத்துப்போயிருந்தார். "என்னம்மா, தூக்கும்போது அடி பட்டுருச்சா?" அடி படவில்லை மேடம் என்றேன். "கீழ கத்துறாளே, கேக்குதுங்களா? அவ எம் மவ. அவளால நடக்க முடியாது. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு தொட்டிக்குப் பின்னால வெச்சிருக்காங்க. அவளத் தூக்கி இங்க கொண்டாந்து வெச்சாத்தான் எந்திரிப்பேன்." வி.ஏ.ஓ. சார் முன்னால் வந்து, மேடம் அந்தப் பொண்ணு கொஞ்சம் என்று ஆரம்பித்தார், மேடம் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "தூக்கிட்டு வாங்களேன். இதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றார் மேடம். ஆரஞ்சுச் சட்டைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சிங்காரவேலு தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தான். "அக்கா, ஊருக்கே ஸ்ட்ரெச்சர் ஒண்ணுதான் இருக்கு. நீங்க எறங்குனாத்தான் அதை எடுத்துட்டுப் போவ முடியும்." மடித்துக் கட்டியிருந்த சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு நன்றாகப் படுத்தேன். "புயலன்னிக்கும் ஒண்ணுதானேடா இருக்கும்? அன்னிக்கு இதுல எவளாச்சும் ரத்தம் வழியக் கெடப்பா, அவள எறங்கச் சொல்லுவியா? அப்ப எம் மவள எப்பிடித் தூக்குறதுன்னு இப்ப யோசி. நான் எறங்க மாட்டேன்." அவன் நின்றான். கீழே அபி கத்துகிறாள், எல்லாருக்கும் கேட்கிறது.